மழையும் ஓர் ஓட்டமும்

கொழும்பு மாளிகாவத்தையில் கெத்தாராம என முன்னர் பெயர்பெற்றிருந்த ஆர். பிரேமதாச விளையாட்டரங்கு இருக்கின்றது. 2023ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆந் திகதி, ஆசியக் கிண்ணத்துக்காக இலங்கையும் பாகிஸ்தானும் அங்கே பொருதின. மழையினால் 45 ஓவர்களாகத் தொடங்கிய ஆட்டம், பாகிஸ்தான் ஆடிக்கொண்டிருக்கையில் மீண்டும் மழை பெய்ததால் 42 ஓவர்களாகக் குறைந்தது. பாகிஸ்தான் எடுத்த ஓட்டங்கள் 252. இலங்கைக்கு விதிக்கப்பட்ட வெற்றி இலக்கும் 252! 253 அன்றோ வேண்டும் என்று கேட்கத் தோன்றும்.

முடிவுறாத ஆட்டத்தின் மொத்த ஓட்டம் இன்னதென்று எவரும் அறியார். இத்தகைய கணியத்தையே புள்ளிவிபரவியலார் எழுமாற்று மாறி என்பர். இதனைக் கணினியில் வைப்பது எவ்வாறு? ஆயிரம் கற்பனை ஆட்டங்களை ஆடச்செய்து, ஆட்டத்துக்கு ஒரு நிரையும் ஓவருக்கு ஒரு நிரலுமாக ஓர் அட்டவணை அமைக்கலாம். கேர்மன், ஜெல்மன் என்னும் அறிஞர் இருவர் 2007இல் விளக்கிய முறையும் இவ்வகையினதே. முப்பதாவது ஓவரைச் சுட்டினால் கிடைப்பது ஓர் எண்ணன்று; ஆயிரம் எண்களைக் கொண்ட நிரல் முழுவதுமாகும்.

சுட்டுவது எளிது, மாற்றுவதிலேதான் இடர் உண்டு. முப்பது ஓவர் முடிவில் ஓட்டம் 130 எனத் தெரிந்துவிட்டதாகக் கொள்வோம். அந்த நிரல் முழுவதிலும் 130 என்று எழுதிவிட்டால் போதுமா? போதாது. முன்பு 90 இருந்த நிரையும் 180 இருந்த நிரையும் இப்போது 130ஐக் காட்டும்; அவற்றின் இறுதி ஓட்டங்களோ பழையபடியே நிற்கும். தலை மாறியது, உடல் மாறவில்லை. 130ஐ ஒட்டிய நிரைகளை மட்டும் தெரிந்தெடுக்க வேண்டும். அன்றேல் அவ்விடத்திலிருந்து ஒவ்வோர் ஆட்டத்தையும் புதிதாகத் தொடரச்செய்ய வேண்டும். ஒரு நிரலைத் தனியே வரிசைப்படுத்தினாலும் இதே கேடு நேரும். நிரைகளின் உறவு அறுந்துபோகும்.

மாளிகாவத்தையில் நிகழ்ந்ததும் இதற்கு அயலானதன்று. டக்வர்த்–லூயிஸ்–ஸ்டேர்ன் முறை, எஞ்சிய ஓவர், இழந்த விக்கெட் என்னும் இரண்டையும் சுட்டாகக் கொண்டு ஓர் அணியின் வளத்தை அளப்பது. ஓவர்கள் குறைந்தபோது அவற்றைச் சார்ந்த கணக்கும் புதிதாக்கப்பட்டது. இலக்கில் ஓர் ஓட்டம் குறைந்தது.

இறுதிப் பந்தில் வேண்டியிருந்தவை இரண்டு ஓட்டங்கள். அசலங்க இரண்டையும் எடுத்தார். இலங்கை இறுதிப் போட்டிக்குச் சென்றது. இலக்கு 253 ஆக இருந்திருப்பின், அதே 252 வெற்றியாகாது, சமநிலையே ஆகியிருக்கும். ஓரெண்ணை மாற்றுகின்றவர், அதனைச் சார்ந்து நிற்கும் எண்கள் யாவற்றுக்கும் பொறுப்பாளர் ஆகின்றார்.