பிறர் போனைத் தொடாத வளவாளர்



கீரிமலையில் நாம் கூடியிருக்கும் இந்த அறக்கட்டளை உரை ஓர் ஆசிரியரின் நினைவாக நடப்பது. அவரைப் புகழ்ந்தே நேரத்தைக் கழித்தால் அவருக்கே பிடிக்காது என்று அவரிடம் படித்தவர்கள் சொன்னார்கள். ஆகவே நேரே விடயத்துக்கு வருகிறேன்.

2022 ஜூலையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் வரிசை நாட்கணக்கில் நின்ற மாதம். அப்போதுதான் எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். அதைப் பெற அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், சேசி இலக்கம் எல்லாவற்றையும் இணையத்தில் பதிய வேண்டும். போனுக்கு வரும் ஓடிபி இலக்கத்தையும் அடிக்க வேண்டும். ஊர்ப் பெடியள் ஓடி ஓடிப் பதிந்து கொடுத்தார்கள். மற்றவர்கள் கொமினிகேஷன் கடைக்குப் போய்க் காசு கொடுத்து எடுத்து, லெமினேட் பண்ணிப் பேர்சுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

நல்ல காரியம்தான். வரிசையில் நிற்பவனைப் பிடித்து வைத்து வகுப்பெடுக்க முடியாது. ஆனால் அடுத்த வருடமே அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு வந்தது. பட்டியலில் பெயர் வராதவர்களின் மேன்முறையீடுகளும் இணையத்தில் பதியப்பட்டன. அதே ஆட்கள் அதே கடைக்குப் போனார்கள். இடையில் அவர்கள் கற்றுக்கொண்டது அந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை மட்டுமே.

கச்சேரி வாசலில் பெற்றிசம் எழுதிக் கொடுப்பவரை எங்கள் தாத்தாக்களுக்குத் தெரியும். அவர் எழுதுவார், இவர்கள் கைநாட்டு வைப்பார்கள். அவர் இல்லாவிட்டால் அரசாங்கத்தோடு பேச வழியே இல்லை. இன்று மேசையும் பேனாவும் போய் மடிக்கணினி வந்திருக்கிறது, அவ்வளவுதான். டிஜிட்டல் திறன் பயிற்சிக்கு வளவாளர்களை உருவாக்குகிறோம் என்று புறப்படுகிற பல திட்டங்கள், கடைசியில் மரியாதையான பெற்றிசக்காரர்களைத்தான் உருவாக்குகின்றன. இன்று நான் வந்தது இதைச் சொல்லத்தான்.

யாருக்காக இந்த வளவாளர்? 1990இல் இந்தப் பகுதி இடம்பெயர்ந்தது. மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி நிலையங்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், படங்கள் என்று எத்தனையோ பொருட்கள் வழியில் தொலைந்தன. போர் முடிந்த பிறகு பகுதி பகுதியாகத்தான் திரும்பி வந்தார்கள். அப்படி வந்தவர்களிடம்தான் இன்று ஒவ்வொரு அலுவலகமும் ஆவணம் கேட்கிறது, அதுவும் ஸ்கேன் செய்த பிரதியாக.

இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணிக்கொண்டு வருகிற வளவாளர் முதல் நாளே திரும்பிப் போகலாம். கனடாவில் இருக்கும் மகளோடு தினமும் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிற அம்மாமார் இவர்கள். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட சனம் இது. அந்த வித்தையை யாரும் வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. விருப்பமும் தேவையும் இருந்தால் படித்துக்கொள்வார்கள். படிவத்துக்கு மட்டும் பயப்படுகிறார்கள். மகளோடு பேசும்போது பிழை விட்டால் திரும்ப எடுக்கலாம். படிவத்தில் பிழை விட்டால் காசு வராது. அந்தப் பயம் நியாயமான பயம்.

ஒரு பயிற்சியில் பார்த்ததைச் சொல்கிறேன். வளவாளராகப் பழகும் பிள்ளை ஒருத்தி ஓர் ஆச்சியின் பக்கத்தில் இருக்கிறாள். படிவத்தில் அடையாள அட்டைக்கு 12 இலக்கம் கேட்கிறது. ஆச்சியிடம் இருப்பது ஒன்பது இலக்கமும் ஒரு ‘வீ’ எழுத்தும் உள்ள பழைய அட்டை. ஆச்சி போனை நீட்டி, “பிள்ளை, நீயே அமத்திவிடன்” என்கிறார். அந்தப் பிள்ளையின் கை தன்னாலேயே முன்னே போகிறது. பயிற்சி நடத்தியவர் கண்ணால் தடுத்தார்.

பிறகு அந்தப் பிள்ளை ஒரு கொப்பித்தாளை எடுத்து எழுதிக் காட்டினாள்: முன்னால் 19. பிறகு பழைய அட்டையின் முதல் ஐந்து இலக்கம். அதன் பின் ஒரு 0. பிறகு மிச்சம் நான்கு. வீ வேண்டாம். “ஏன் பிள்ளை பத்தொன்பது?” என்று ஆச்சி கேட்டார். இலக்கத்துக்குள்ளேயே பிறந்த ஆண்டும் நாளும் இருப்பதையும், பெண்களுக்கு நாளோடு 500 கூட்டியிருப்பதையும் அவள் விளக்கினாள். ஆச்சிக்கு ஒரே புதினம். தன் மருமகளின் இலக்கத்தைச் சொல்லி அதையும் மாற்றிப் பார்த்தார். “இனி எங்க அமத்திறது?” “நீங்களே அமத்துங்கோ ஆச்சி. பிழைச்சால் திரும்பி வரலாம்.” அரை மணித்தியாலம் போயிற்று. கடையில் என்றால் இரண்டு நிமிட வேலை.

அந்த அரை மணித்தியாலத்தைப் பொறுக்கத் தெரிவதுதான் இந்தத் தொழில். கணினிப் பட்டம் பெற்றவர்களுக்கே அது கூடுதலாகச் சிரமம் என்பது என் அனுபவம். எனவே பயிற்சியின் முதல் வாரத்தில் மென்பொருள் எதுவும் வேண்டாம். கையை மடியில் வைத்திருக்கவும், கேள்வி கேட்கவும், மௌனமாக இருக்கவும் பழக்குங்கள். அடுத்து எங்கள் பெயர் விவகாரம். படிவம் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று கேட்கிறது. எங்களுக்கோ தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். ஆங்கில எழுத்துக்கூட்டலோ வங்கிப் புத்தகத்தில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று. இதை அவிழ்க்கத் தெரியாத வளவாளருக்கு வேறு எது தெரிந்தும் பயனில்லை.

இரகசியம் காப்பதும் பாடத்தில் இருக்க வேண்டும். போன் உறைக்குப் பின்னால் கடவுச்சொல்லைத் துண்டில் எழுதி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். வளவாளருக்கு அந்த ஊரின் வங்கிக் கணக்கு, கடன், நோய் எல்லாம் தெரிய வரும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் கிணற்றடியில் நடக்கும் பேச்சை எந்தச் சட்டம் தடுக்கும்?

இந்த நாட்டுக்கு இது புதிய முயற்சி அல்ல. 2003இல் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகம் அமைந்தது. அதன் கீழ் அறிவகங்கள் என்ற பெயரில் ஊரூராகக் கணினி நிலையங்கள் வந்தன. பல கோயில், விகாரை வளவுகளிலேயே இருந்தன. 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் 10 இலட்சம் டொலர் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. ஆனாலும் பல நிலையங்கள் பின்னாளில் செயலிழந்தன. கணினி வாங்கப் பணம் இருந்தது, அதன் அருகே இருப்பவருக்கு மாதாமாதம் கொடுக்கப் பணம் இருக்கவில்லை. நிலையங்களில் இருந்த பிள்ளைகள் வேறு வேலை கிடைத்ததும் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோயில் வளவில் நிலையம் வைத்தால் எல்லோரும் வருவார்கள் என்று யார் சொன்னது? 1968இல் மாவிட்டபுரத்தில் சாதியால் உள்ளே விடப்படாத மக்கள் ஆலயப் பிரவேசத்துக்காக வெயிலில் இருந்தது இங்கிருந்து சைக்கிள் தூரத்தில்தான். கதவு திறந்திருப்பதும் கால் உள்ளே வருவதும் ஒன்றல்ல.

இதை முன்கூட்டியே யோசித்தவர்களும் உண்டு. புதுச்சேரியில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. இடத்தை ஊர் தர வேண்டும், எல்லாச் சாதியாரும் வர அனுமதி வேண்டும் என்பது ஏற்பாடு. நடத்தியவர்கள் அந்தந்த ஊர் ஆட்கள், எம்பலத்தில் பெண்கள். வீராம்பட்டினத்தில் அன்றன்றைய அலை உயரத்தை இணையத்தில் பார்த்து ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 காலை சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு ஊரவர் ஒருவர் போனில் எச்சரித்தபோது, அந்த ஊர் மையத்தின் ஒலிபெருக்கிதான் சனத்தைக் கரையிலிருந்து விரட்டியது. ஊர் தனதென்று நினைத்த மையம் என்பதால்தான் அந்த நேரத்தில் அதை நோக்கி ஓடினார்கள். கேரளத்தில் டிஜி கேரளம் திட்டத்தில் தொண்டர்கள் ஏறக்குறைய 22 இலட்சம் பேருக்குப் போன் பழக்கினார்கள்; 2025 ஓகஸ்டில் மாநிலமே டிஜிட்டல் எழுத்தறிவில் தேறியதாக அரசு அறிவித்தது. பெரிய வேலைதான், ஆனால் தொண்டர் வீட்டுக்குப் போன பிறகு யார் இருக்கிறார் என்றுதான் நான் கேட்பேன்.

எங்களிடம் ஆள் உட்காரும் இடம் ஏற்கெனவே இருக்கிறது. ஊருக்கு ஊர் சனசமூக நிலையம். ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, எழுத்துத் தெரியாதவர் சுற்றியிருந்து கேட்டு வாதாடிய இடம் அது. இன்று பல நிலையங்களில் கரம் போர்டு மட்டுமே மிச்சம்.

வலிகாமம் வடக்குப் பிரதேச சபைக்கும், இங்கே வந்திருக்கும் புலம்பெயர் உறவுகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். இன்னொரு கணினி அறைக்கு அடிக்கல் நாட்ட வேண்டாம். சனசமூக நிலையம் ஒன்றுக்கு ஒரு பெண்ணை, அந்த ஊரிலேயே மணமுடித்து இருப்பவரை, தெரிவு செய்யுங்கள். ஆறு மாதம் பயிற்றுங்கள். குறைந்தது மூன்று வருடத்துக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். எத்தனை படிவம் நிரப்பினார் என்று அவரிடம் கணக்குக் கேட்காதீர்கள். எத்தனை பேர் இரண்டாம் முறை அவரிடம் வராமல் தாங்களே செய்தார்கள் என்று கேளுங்கள்.