காற்றைக் காணும் கருவி



களத்தில் நெல் தூற்றுமுன் நாம் செய்வதென்ன? ஒரு பிடிப் பதரை உயர்த்தி விடுகிறோம். அது பறக்கும் திசையை நோக்குகிறோம். கண்ணுக்குப் புலப்படாத காற்றைப் பதர் காட்டிக் கொடுக்கிறது. வானிலை ரேடாரும் அவ்வாறே காற்றை அறிகிறது. அதற்குப் பதராக அமைபவை மழைத்துளிகள். மழையில்லாத வேளையில், தாழ்ந்த வானில் பறக்கும் பூச்சிகள்.

இந்தியாவில் முதன்முதலாக 2002-ஆம் ஆண்டில் சென்னையில் டாப்ளர் வானிலை ரேடார் இயங்கத் தொடங்கியது. அது வானில் செலுத்தும் ரேடியோ அலைகள் மழைத்துளிகளில் பட்டுத் திரும்புகின்றன. ரயில் நெருங்கும்பொழுது அதன் ஊதல் உச்சமாகவும், விலகும்பொழுது தாழ்வாகவும் ஒலிப்பதை நாம் அறிவோம். அதுபோன்றே, திரும்பும் அலையின் மாறுதல், துளி நெருங்குகிறதா, விலகுகிறதா, எவ்வளவு வேகத்தில் என்பதைத் தெரிவிக்கிறது. குறுக்கே செல்லும் வேகம் மட்டும் இதில் தெரியாது. ஆகவே ரேடாரை முழுவட்டமாகச் சுழற்றிப் பார்க்கின்றனர். காற்று வரும் திசையில் நெருங்கும் வேகம் மிகும். செல்லும் திசையில் விலகும் வேகம் மிகும். இவற்றைக் கொண்டு, ரேடாருக்கு மேலே வெவ்வேறு உயரங்களில் வீசும் காற்றின் திசையும் வேகமும் கணிக்கப்படுகின்றன.

புயற்காலத்தில் இதன் பயன் பெரிது. நம் பகுதியில் புயற்காற்று மையத்தைச் சுற்றி இடஞ்சுழியாக வீசுகிறது. ரேடார் படத்தில் ஒருபுறம் நெருங்கும் காற்றும், மறுபுறம் விலகும் காற்றும், கடும் புயலாயின் நடுவே அமைதியான கண்ணும் தோன்றும். அக்கண் ஓர் ஊரின்மீது வரும்பொழுது காற்று திடீரென அடங்கும். புயல் ஓய்ந்ததென்று எண்ணி மக்கள் வெளியே வருவர். பேராபத்து அதுவே! சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் சீறியெழும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபொழுது, இத்தகைய அமைதியும், பின்னர் திசை மாறிய காற்றும் காணப்பட்டன.

ரேடாருக்கும் எல்லையுண்டு. பூமி உருண்டையாதலாலும், அலை சற்று மேல்நோக்கிச் செலுத்தப்படுவதாலும், 100 கிலோமீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் செல்கிறது. அதற்குக் கீழே, நம் தென்னைகளையும் கூரைகளையும் அலைக்கழிக்கும் காற்றை அது நேரே காண்பதில்லை. ஆதலின், தரையிலுள்ள கருவிகளின் அளவுகளையும் சேர்த்தே எச்சரிக்கை விடுக்கப்படுகிறது.

அவ்வெச்சரிக்கையை ஒவ்வொரு குடிசைக்கும் கொண்டு சேர்ப்பது பஞ்சாயத்தின் பொறுப்பு. பாதுகாப்பிடத்தில் தங்கியோரை, காற்று அடங்கியவுடன் வெளியே விடாதிருங்கள். புயல் கடந்துவிட்டதென்ற அறிவிப்பு வரும்வரை காத்திருக்கச் செய்யுங்கள். கருவி காற்றைக் காணும். மக்களைக் காப்பது நாமே.