ஒரு கோப்பைக்கு முந்நூறு ரூபாய்



கோவையில் ரேஸ்கோர்ஸ், ஆர்.எஸ்.புரம் பக்கம் போகிறவர்கள் புதுவிதமான காபிக் கடைகள் சிலவற்றைப் பார்த்திருப்பீர்கள். சுவரில் ஒரு பலகை தொங்கும். அதில் தோட்டத்தின் பெயர், மலையின் பெயர், செடியின் ரகம், எந்த முறையில் உலர்த்திய கொட்டை என்பதெல்லாம் எழுதியிருக்கும். கடைசியில் விலை. பாலும் சர்க்கரையும் இல்லாத ஒரு கோப்பை இருநூற்றைம்பது, முந்நூறு. அரிதான கொட்டை என்றால் அதற்கும் மேலே போகும்.

நான் காபிக்கொட்டை வறுத்து, அரைத்து விற்பவள். பிளான்டேஷன் ஏ, பீபெர்ரி, எண்பதுக்கு இருபது சிக்கரி என்று கேட்டு வாங்கிப் போகும் வாடிக்கையாளர்கள்தான் எனக்கு அதிகம். அவர்களில் பலரும் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு நேரே என் கடைக்கு வந்து, "ஏனுங்க அம்முணி, ஒரு கிளாஸ் கறுப்புத் தண்ணிக்கு முந்நூறு ரூபாய்ங்கறது நாயமுங்களா?" என்று கேட்கிறார்கள்.

நியாயம்தான் என்று நான் சொல்கிறேன். விலை உயர்ந்த ஒரு காபியை அறிந்துகொள்ள ஆசைப்படுகிறவருக்கு அந்த ஒரு கோப்பையைவிடச் சிக்கனமான வழி கிடையாது. இன்றைக்கு உங்களிடம் அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கால் கிலோ கொட்டை ஆயிரத்து ஐநூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பைக்குப் பதினைந்து கிராம் பிடிக்கும். அப்படியானால் அந்தப் பொட்டலத்தில் பதினாறு கோப்பை தேறும். கொட்டைக்கு மட்டும் கோப்பைக்குத் தொண்ணூறு ரூபாய். கடைக்காரர் முந்நூறு வாங்குகிறாரே, மூன்று மடங்குக்கு மேலே போகிறதே என்று தோன்றும். இதையே திருப்பிப் பாருங்கள். அந்தக் காபி உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், கடையில் குடித்தவருக்கு நட்டம் முந்நூறு. பொட்டலம் வாங்கியவருக்கு ஆயிரத்து ஐநூறு. அதிலும் வறுத்த கொட்டை காத்திருக்காது. முழுக் கொட்டையாக வைத்தாலே ஒரு மாதத்துக்குள் வாசம் இறங்கத் தொடங்கும். அரைத்துவிட்டால் நாட்கணக்குத்தான். பிடிக்காத காபியைப் பதினாறு முறை அவசர அவசரமாகக் குடித்துத் தீர்க்க வேண்டியிருக்கும்.

என் கடைக்கு ஒரு பெரியவர் வருவார், ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து, "நம்ம ஃபில்டருக்குத் தகுந்தாப்பல அரைச்சுக் குடு கண்ணு" என்றார். பிரித்துப் பார்த்தேன். இள வறுவல், வெளிர்பழுப்பு நிறம். பாலில்லாமல் குடிக்க வேண்டிய கொட்டை. வறுத்த தேதியும் பல மாதம் பின்னால் இருந்தது. அவர் வீட்டில் காலங்காலமாகக் குடிப்பது பாலும் சர்க்கரையும் தூக்கலாக, நுரை பொங்க ஆற்றிய டபரா காபி. இள வறுவல் கொட்டையின் மணம் அந்தப் பாலுக்குள் போனால் இருக்கிற இடம் தெரியாது. மகன் அனுப்பியதில் அன்பு இருந்தது, பணமும் இருந்தது. ஆனால் அப்பாவின் நாக்குக்கு அது சேருமா என்று முன்னால் சுவைத்துப் பார்க்க யாருக்கும் வாய்ப்பு இருக்கவில்லை.

விலை உயர்ந்த காபியை முன்னால் சுவைத்துப் பார்க்க முடியாத இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உள்ளதல்ல. பனாமா நாட்டில் கெய்ஷா என்று ஒரு ரகம். எத்தியோப்பியக் காட்டிலிருந்து போன செடி அது. 2004-ல் எஸ்மரால்டா என்ற தோட்டத்தின் கெய்ஷா ஏலத்தில் ஒரு பவுண்டு 21 டாலருக்குப் போனபோது காபி உலகமே அதிசயித்தது. 2018-ல் எலிடா என்ற தோட்டத்தின் கெய்ஷா பவுண்டு 803 டாலர். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு! அதை யார் பொட்டலமாக வாங்கிக் குடிப்பார்கள்? மறு ஆண்டு கலிஃபோர்னியாவில் ஒரு கடை அதைக் கோப்பைக் கணக்கில் விற்றது, கோப்பை 75 டாலருக்கு. அத்தனை விலை கொடுக்கச் சொல்லி நான் யாரையும் தூண்டவில்லை. ஆனால் கோப்பையாக விற்றதனால்தான் அந்தக் கொட்டை பெரும் பணக்காரர்களைத் தாண்டி இன்னும் சிலர் நாக்குக்கு எட்டியது என்பதை மறந்துவிடக் கூடாது.

சரி, முந்நூறு ரூபாய் கொடுக்கத் துணிந்துவிட்டீர்கள். அந்தப் பணம் முழுதாகப் பயன்பட என்ன செய்யலாம்? நீங்கள் முதலில் கேட்க வேண்டியது வறுத்த தேதி. தேதி சொல்லத் தயங்கும் கடையில் விலை உயர்ந்த காபி வேண்டாம். பிரியாணி சாப்பிட்ட கையோடும் வெற்றிலை போட்ட வாயோடும் போகாதீர்கள். தாய்மார்களே, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போனாலும் காபியின் மணம் பிடிபடாது. பெங்களூரில் காபி வாரியத்தின் பயிற்சிக்குப் போயிருந்தபோது எங்களுக்கு முதலில் சொல்லித் தந்ததே வாசனைத் தைலம், பூ எதுவும் கூடாது என்பதுதான். ஆசியாவின் முதல் பெண் காபிச் சுவைஞர் என்று பெயர் பெற்ற சுனாலினி மேனன் அந்த வாரியத்தில் பணியாற்றியவர். அங்கே சுவைக்கும் கூடத்தில் கரண்டியைப் பிடித்து நின்றபோது எனக்கு அவர் நினைவுதான்.

சுவைஞர்கள் எப்படிச் சுவைக்கிறார்கள் என்று சொல்கிறேன், கேளுங்கள். 150 மில்லி தண்ணீருக்கு எட்டே கால் கிராம் தூள். கொதி அடங்கிய வெந்நீரை நேரே ஊற்றி நான்கு நிமிடம் விட்டுவிடுவார்கள். மேலே திட்டாக ஏடு கட்டும். கரண்டியால் அந்த ஏட்டை விலக்கும்போது எழும் ஆவியில்தான் முதல் சேதி இருக்கிறது. மூக்கை அருகில் கொண்டுபோய் முகர்வார்கள். பிறகு சூடு தணியத் தணிய, 'சர்ர்' என்று சத்தம் வர உறிஞ்சுவார்கள். காற்றும் காபியும் கலந்து வாயெங்கும் தெறிக்க வேண்டும். பொது இடத்தில் அப்படி உறிஞ்சக் கூச்சமாக இருந்தால் பரவாயில்லை, பொறுமை மட்டும் போதும். நல்ல சூட்டில் நாக்குக்கு ஒன்றும் தெரியாது. வெதுவெதுப்பாக ஒரு வாய், ஆறிய பிறகு ஒரு வாய் குடியுங்கள். மோசமான காபி ஆறினால் குடிக்க முடியாது. அருமையான காபி ஆறும்போதுதான் இனிப்பைக் காட்டும்.

இரண்டு பேராகப் போங்கள். ஆளுக்கொன்றாக வேறு வேறு கோப்பை வாங்கி மாற்றிக் குடியுங்கள். ஒன்றை மட்டும் குடித்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்வதோடு பேச்சு முடிந்துவிடும். பக்கத்தில் இன்னொன்று இருந்தால்தான் எது புளிப்பு, எது கனம் என்று நாக்கு பிரித்துச் சொல்லும்.

நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. சொல்ல நினைத்த வேறு சிலவற்றை விட்டுவிடுகிறேன். எனக்கு மிகப் பிடித்த ஒரு காபியைப் பற்றிச் சொல்லாமல் மட்டும் போக முடியாது.

அதன் பெயர் மான்சூன்ட் மலபார். பருவக்காற்றில் பழுத்த காபி. பாய்மரக் கப்பல் காலத்தில் நம் மேற்குக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் காபி போக வேண்டுமானால் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் போக வேண்டும். மாதக்கணக்கில் பயணம். மரக்கப்பலின் அடித்தட்டில், கடலின் ஈரக்காற்றில் கிடந்து கிடந்து பச்சைக் கொட்டை ஊதிப் பொன்னிறமாகிவிடும். புளிப்பு அடங்கி, கனமான ஒரு சுவை வரும். அங்கிருந்தவர்கள் அதுதான் இந்தியக் காபியின் சுவை என்று பழகிவிட்டார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது, நீராவிக் கப்பல்களும் பெருகின. பயணம் சுருங்கியது. கொட்டை பச்சையாகவே போய் இறங்கியது. பழைய காபி எங்கே என்று கேட்டார்கள்.

கடல் செய்த வேலையைக் கரையிலேயே செய்ய நம்மவர்கள் வழி கண்டார்கள். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கும்போது மங்களூர்ப் பக்கத்துக் கிடங்குகளில், நாலு பக்கமும் காற்றுப் புகும்படி திறந்துவிட்டு, கொட்டையைத் தரையில் பரப்புகிறார்கள். அடிக்கடி கிளறிவிடுகிறார்கள். ஈரம் ஏறியதும் சாக்கில் தளரக் கட்டி, சாக்குகளுக்கு நடுவே காற்று ஓட இடம் விட்டு அடுக்குகிறார்கள். சில நாளில் அவிழ்த்து, மாற்றிக் கட்டி, மறுபடி அடுக்குகிறார்கள். பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் வரை இதே வேலை. கொட்டை ஏறக்குறைய இரண்டு மடங்கு பருத்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். சரியாகப் பருக்காதவற்றைக் கையால் பொறுக்கித் தள்ள வேண்டும். பூஞ்சை பிடிக்காமலும் வண்டு விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் காபி புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஒரு கோப்பைக்குக் கூடுதல் விலை சொன்னால், அதில் அந்த மூன்று நான்கு மாத ஆள்கூலியும் அடங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது ஒன்று உண்டு. மங்களூரில் கொட்டையைப் பருக்க வைக்கும் அதே தென்மேற்குக் காற்றுதான் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் ஊருக்கும் வருகிறது. ஆனால் ஈரத்தையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வருகிறது. நம்மிடம் வந்து சேரும்போது அது உலர்ந்த ஆடிக்காற்று. உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலையைச் சுழற்றுமே தவிர, காபியைப் பழுக்க வைக்காது. அந்த உலர்ந்த வெயிலும் காற்றும் வேறொரு விதத்தில் காபிக்கு உதவின. மலையிலிருந்து வரும் கொட்டையைச் சமவெளியில் காயவைத்து, தோல் நீக்கி, தரம் பிரிக்கும் தொழில் இங்கே வேரூன்றியது. ராபர்ட் ஸ்டேன்ஸ் என்பவர் கோவையில் காபி பதப்படுத்தும் தொழிலைத் தொடங்கியது 1861-ல். அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் நூற்பாலை வந்தது 1888-ல்தான். பஞ்சாலை நகரம் என்று நாம் பெருமைப்படும் இந்த ஊரில் காபி முந்திக்கொண்டுவிட்டது.

மான்சூன்ட் மலபாரை நான் என் கடையில் சிறு கோப்பையில் சுவைக்கத் தருவதுண்டு. பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த ஓர் ஆத்தா வாங்கிக் குடித்தார். சர்க்கரை இல்லையே என்று முகம் சுளிக்கவில்லை. இரண்டாம் வாய் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கண்ணு, எங்க அப்பாரு ஊட்டுக் குதிரத் தொறந்தா இப்படித்தான் ஒரு வாசம் வரும்" என்றார். பழைய நெற்குதிரின் வாசம். மண், மரம், மசாலா என்று நாங்கள் சுவைப் படிவத்தில் குறிப்போம். அந்த ஆத்தா சொன்னதுபோல இந்தக் காபியைச் சரியாகச் சொன்னவரை நான் பார்த்ததில்லை. காபியைச் சுவைக்கப் பெரிய படிப்பு வேண்டும் என்று தயங்குகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டு வாசங்களே போதும்.

விலை உயர்ந்ததெல்லாம் குடிக்கத் தக்கது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். புனுகுப்பூனை தின்று கழித்த கொட்டையில் செய்யும் காபி என்று ஒன்று பெரும் விலைக்கு விற்கிறது. இந்தோனேசியாவில் அந்த விலங்குகளைக் கூண்டில் அடைத்து, காபிப் பழத்தை மட்டுமே தின்ன வைத்துத் தயாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஒரு ரூபாயும் நான் தர மாட்டேன். நீங்களும் தர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முடிக்கும் நேரம் வந்துவிட்டது. பொட்டலத்துக்கு முன்னால் ஒரு கோப்பை, இரண்டு பேர், சர்க்கரையில்லாமல், ஆற விட்டு. இவ்வளவுதான் என் வேண்டுகோள். கூடவே ஓர் ஆசையும் இருக்கிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்தார். இருநூறு ஆண்டாக அந்தச் சேர்வராயன் மலையில் காபி விளைகிறது. கொல்லிமலையிலும் நீலகிரியிலும் சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிகளுக்கு நடுவே சிறு விவசாயிகள் வளர்க்கிறார்கள். அந்தக் கொட்டையில் பெரும்பகுதி ஊர் பேரில்லாமல் கலவையில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கோவைக் கடைகளின் பலகையில் அந்த மலைகளின் பெயரும் அந்தத் தோட்டங்களின் பெயரும் ஏற வேண்டும். அதற்குரிய விலையைக் கோப்பைக்குக் கோப்பை நாம் கொடுக்க வேண்டும். ஏற்காட்டில் அறுவடை தை மாதத்தை ஒட்டி முடியும். புதுக் கொட்டை பதமாகி, வறுபட்டு, சித்திரை வாக்கில் கடைகளுக்கு வரும். அப்போது போய், "சேர்வராயன் மலைக் காபி இருக்குதுங்களா?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் வரவழைத்துவிடுவார்.