படம் எடுத்தால் புத்தகம் ஆகுமா?

ஒரு தமிழ்ப் புத்தகத்தை ஸ்கேன் செய்து, பிடிஎஃப் கோப்பாக்கி இணையத்தில் ஏற்றிவிட்டால், அது எல்லாருக்கும் கிடைத்துவிட்டதாக நினைக்கிறோம். கண்ணால் படிப்பவர்களுக்குக் கிடைத்துவிட்டதுதான். பார்வையற்றவர்களோ கணினியையும் கைப்பேசியையும் திரைவாசிப்பான் என்ற மென்பொருளின் துணையோடு பயன்படுத்துகிறார்கள். திரையில் உள்ள எழுத்தை அது குரலாக்கிச் சொல்லும்; பிரெயில் கருவியை இணைத்தால், விரல் தொட்டுணரும் புள்ளிகளாகவும் தரும். என்விடிஏ போன்ற இலவச மென்பொருளிலேயே தமிழைக் கேட்க முடிகிறது. ஆனால் ஸ்கேன் செய்த பக்கம் என்பது ஒரு நிழற்படம். அதற்குள் மென்பொருள் படிக்க எழுத்தே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் மட்டுமே நம் நாட்டில் 50 லட்சம் பேருக்கு மேல். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமம் உள்ளவர்களும், கை செயலிழந்து புத்தகத்தைப் பிடிக்க இயலாதவர்களும் இந்தக் கணக்கில் வராதவர்கள். இவர்கள் எல்லாரும் படிக்கும்படியான புத்தகம், அச்சுக்குப் போகும் அதே நாளில் அதே மேசையிலிருந்து வெளிவர வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

படத்தை எழுத்தாக்கத்தான் எழுத்துணரி மென்பொருள் இருக்கிறதே, மிச்சத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். தமிழ் எழுத்துணரிகள் நன்றாகவே முன்னேறியிருக்கின்றன. இருந்தாலும் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பக்கத்தில் 1,500 எழுத்துகள், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி என்று வைத்துக்கொண்டாலும், பக்கத்துக்குப் 15 பிழை. 200 பக்கப் புத்தகத்தில் 3,000 பிழை. தமிழில் இந்தப் பிழைகள் விழும் இடங்களும் தெரிந்தவைதான். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் பல அச்செழுத்துகளில் ஒரு சிறு வால்தான் வேறுபாடு. ‘ஔவை’யை ஒகரமும் ளகரமுமாகப் பிரித்துவிட்டால் குரல் ‘ஒளவை’ என்று மூன்றெழுத்தாகப் படிக்கும். தமிழ் எண் ஒன்று ககரம் போலவே இருக்கும், ஏழு எகரம் போலவே இருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகங்களில் லை, னை, ணா, றா போன்றவை வேறு உருவத்தில் நிற்கின்றன. கண் இந்தப் பிழைகளைத் தானே திருத்திக்கொண்டு போய்விடும். செவி அப்படிப் போக முடியாது. கேட்பவர் நின்று, பின்னால் போய், எழுத்தெழுத்தாகக் கேட்டு ஊகிக்க வேண்டும். இதற்கு மேல் அமைப்புச் சிக்கல். அடிக்குறிப்பு பத்தியின் நடுவே வந்து விழும். பக்கத் தலைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் வாக்கியத்தை வெட்டும். செய்யுள் அடி உடைந்து உரைநடையாக ஓடும். இவற்றைச் சரிசெய்ய ஒரு மனிதர் வரிக்கு வரி உட்கார்ந்தாக வேண்டும்.

நல்ல குரலில் ஒருவர் படித்துப் பதிவு செய்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. ஒலிநூலின் அருமையை வானொலியில் பேசும் நானே குறைத்துச் சொல்ல மாட்டேன். கதை கேட்க அது அருமையான வழி. ஆனால் தேர்வெழுதும் மாணவர் ‘அரை’ எது, ‘அறை’ எது என்று குரலைக் கேட்டு எப்படி அறிவார்? நம்மில் பலர் இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். எழுத்தாக இருக்கும் நூலில் அவர் சொல்லின் மேல் நின்று ஒவ்வோர் எழுத்தாகக் கேட்கலாம், ஒரு சொல்லைத் தேடலாம், ஆசிரியர் 47ஆம் பக்கம் என்றால் அந்தப் பக்கத்துக்கே போகலாம். ஒருவர் புத்தகத்தைப் படிப்பது என்றால் இந்த உரிமைகளும் சேர்ந்ததுதான்.

இத்தனை பாடும் எதற்காக என்று யோசித்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இன்று அச்சாகும் புத்தகம் கணினியில்தான் பிறக்கிறது. எழுத்து ஏற்கெனவே பதிப்பகத்தின் கோப்பில் இருக்கிறது. அதைத் தாளில் அச்சிட்டு, தாளைப் படமெடுத்து, படத்திலிருந்து மறுபடி எழுத்தைத் தோண்டுகிறோம். கோப்பைக் கொடுத்தால் மட்டும் போதுமா என்றால், தமிழில் ஒரு முடிச்சு உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்த சொல், கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எழுத்துருவின் முகமூடியைக் கழற்றினால் அதுதான் இருக்கும். திரைவாசிப்பானும் அதைத்தான் படிக்கும். நல்ல வேளையாக, இந்தக் கோப்புகளை யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எழுத்துக்கு எழுத்து விதிப்படி நடக்கும் மாற்றம் இது. எழுத்துணரியைப் போல ஊகம் அல்ல. அதோடு தலைப்பைத் தலைப்பாகவும் அடிக்குறிப்பை அடிக்குறிப்பாகவும் குறித்து, படத்துக்கு இரண்டு வரி விளக்கம் சேர்த்தால் ஈபப் என்ற வடிவில் மின்னூல் கிட்டத்தட்டத் தயார்.

கோப்பைக் கொடுத்தால் திருட்டுப் பிரதி ஓடிவிடும் என்று பதிப்பாளர்கள் அஞ்சுகிறார்கள். குறைந்த லாபத்தில் தொழில் நடத்துபவர்களின் அந்த அச்சம் நியாயமானதுதான். ஆனால் திருடுபவருக்குக் கோப்பு தேவையில்லை. கடையில் வாங்கிய ஒரு பிரதியும் கைப்பேசிக் கேமராவும் போதும். கோப்பு இல்லாமல் தவிப்பவர் திருத்தமான எழுத்து வேண்டும் வாசகர் மட்டுமே. சட்டமும் அவர் பக்கம் நிற்கிறது. 2012இல் திருத்திய நம் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்காக நூலை உரிய வடிவில் மாற்றித் தருவதை அனுமதிக்கிறது. அதைச் செய்யும் அமைப்பு லாபம் பார்க்கக் கூடாது, பிரதி வணிகத்துக்குள் போய்விடாமல் காக்க வேண்டும் என்ற காவலும் அதிலேயே இருக்கிறது. 2013இல் மராகேஷ் நகரில் இதே நோக்கத்தோடு உருவான உலக உடன்படிக்கையை முதலில் ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா. 2016இல் இத்தகைய வாசகர்களுக்காகச் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் திறக்கப்பட்டது. வாசலும் அலமாரியும் இருக்கின்றன. அலமாரியில் வைக்கத் தமிழ் எழுத்து வந்து சேர வேண்டும்.

அதற்கு மிக எளிய இடம் அரசு நூலகக் கொள்முதல். பொது நூலகங்களுக்காகப் புத்தகம் வாங்கும்போது, அச்சுப் பிரதிகளோடு யூனிகோடு கோப்பு ஒன்றையும் ஒப்படைக்கச் சொல்லலாம். மாற்றும் செலவைச் சிறு பதிப்பகங்களுக்கு அரசே தரட்டும். எழுத்துணரியும் மெய்ப்புத் திருத்துபவரின் பொறுமையும் பிறகு வேறொன்றுக்கு முழுதாகக் கிடைக்கும்: ஈய எழுத்தைக் கையால் கோத்து அச்சடித்த காலத்துப் புத்தகங்கள். படைப்புகள் நாட்டுடைமையான எழுத்தாளர்களின் முதல் பதிப்புகள் பலவும் அந்தக் காலத்தவை. அவற்றுக்குப் பதிப்புரிமைத் தடையும் இல்லை, கணினிக் கோப்பும் இல்லை. மஞ்சளாகிப் பொடியும் தாளிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக மீட்க வேண்டியவை அவைதான்.