சாவா மூவாப் பேராடும் காலாவதியான அட்டையும்



சோழர் காலக் கல்வெட்டுக்களிற் "சாவா மூவாப் பேராடு" என்றொரு தொடர் வருகிறது. கோயிலில் நந்தா விளக்கெரிக்க விரும்பியவர் ஆடுகளைத் தானமாக விடுவார். இராசராசன் தஞ்சையிற் கட்டிய பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். நாள்தோறும் ஓர் உழக்கு நெய். ஆடு சாகாதா, மூப்படையாதா என்று கேட்பீர்கள். சாகத்தான் செய்யும். ஆனால் ஆடுகளைப் பெற்ற இடையர், பிறக்கும் குட்டிகளைக் கொண்டு தொகையை நிரப்பி, நெய்யைக் குறையாமல் அளத்தல் வேண்டும். கொடுத்தவரும் அவ்வாறே விரும்பினார். கல்லில் வெட்டியும் வைத்தார்.

இன்று நம்மவர் கடனட்டை மூலம் மாதாந்த நன்கொடை அளிக்கின்றனர். பசறையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ வெளிநாடு சென்ற ஒருவர், தம் தோட்டத்துக் கோயிற் திருப்பணிக்கு அட்டை இலக்கத்தைக் கொடுத்தார் என வைத்துக்கொள்வோம். கும்பாபிஷேகம் முடிந்துவிட்டது. அட்டையிற் பொறித்த மாதமும் ஆண்டும் கடந்துவிட்டன. இனிப் பணம் போகாது என்றே அவர் எண்ணுவார். ஆனால் போய்க்கொண்டிருக்கும்.

காரணம் எளிது. காலாவதியாவது பிளாஸ்டிக் துண்டுதான். கணக்கும், கொடுத்த அனுமதியும் அல்ல. புதிய அட்டையிற் சிலவேளை பழைய இலக்கமே இருக்கும். இலக்கம் மாறினாலும், விசா, மாஸ்டர்கார்ட் நிறுவனங்கள் இதற்கெனவே ஒரு சேவை நடத்துகின்றன. வங்கி புதிய இலக்கத்தையும் திகதியையும் அங்கே அறிவிக்கும். பணம் அறவிடுவோர் அங்கிருந்து பெற்றுக்கொள்வர். உண்மை இலக்கத்துக்குப் பதிலாக ஒரு மாற்றிலக்கத்தை வைத்துக்கொள்ளும் முறையும் உண்டு. அட்டை புதிதானாலும் அது மாறாது.

எல்லா வங்கிகளும் இச்சேவையிற் சேர்ந்தவையல்ல. அதனால் எதிர்மாறாகவும் நடக்கலாம். விளக்கு எரிகிறதென்று கொடுத்தவர் நம்பியிருப்பார். இங்கே பணம் நின்றுபோய், "அவர் நம்மை மறந்துவிட்டார்" என்று நாம் பேசிக்கொண்டிருப்போம்.

தோட்டத்திற் கோயிற் பணம் செக்ரோலிற் பிடிக்கப்படுவதை யாவரும் அறிவோம். அதில் எனக்கும் சில மனக்குறைகள் உண்டு. ஆயினும் சம்பளத் துண்டில் அந்த வரி கண்ணுக்குத் தெரியும். பெயர் வெட்டுப்பட்டால் பிடித்தலும் நிற்கும். அட்டைக் கணக்கை மாதந்தோறும் வரிவரியாக வாசிப்பவர் நம்மில் எத்தனை பேர்?

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2021 ஒக்டோபர் 1 முதல் ஒரு கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்தியது. அங்கு வழங்கப்பட்ட அட்டையிலிருந்து இவ்வாறு பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே அட்டைக்காரருக்கு அறிவித்தல் வேண்டும். வேண்டாமென்றால் அவர் தடுக்கலாம். சட்டம் சொல்லித்தான் நாம் இதைச் செய்ய வேண்டுமா?

கொடுப்பவர் அட்டையைக் கத்தரித்து எறிவது போதாது. நிறுத்த விரும்பினால், பெறுபவருக்கு எழுத்தில் அறிவித்து, வங்கிக்கும் சொல்லவேண்டும். பெறுகிற நாமோ, ஆண்டுதோறும் திருவெம்பாவைக் காலத்தில் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதுவோம்: இவ்வாண்டு இவ்வளவு பெற்றோம், இன்ன வேலைக்குச் செலவிட்டோம், தொடரலாமா? தைப்பூசத்துக்குள் பதில் வராவிடின் அறவிடுவதை நிறுத்துவோம்.

வருமானம் குறையுமே என்று பெரியோர் சிலர் கவலைப்படலாம். குறையத்தான் செய்யும். அறியாதவர் பணத்தில் எரியும் விளக்கை விட, சில மாதம் எண்ணெய்க்கு நாமே வீடுவீடாகச் செல்வது நன்று. அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைப் பிரேரணையாகக் கொண்டுவர எண்ணியுள்ளேன். ஆமோதிக்க ஒருவர் வேண்டும்.