யாருடைய அளவு?



நாள்தோறும் எட்டு மணி நேரம் நாற்காலியில் அமர்ந்து மொழிபெயர்ப்பது என் தொழில். மாலையானால் கால்கள் மரத்துப்போகும். கழக்கூட்டத்தில் என் வீட்டிற்குக் கதவு செப்பனிட வந்த ஆசாரியிடம் இதனைச் சொன்னேன். அவர் என்னை அமரச் செய்து, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து உள்ளங்கால்வரை ஒரு குச்சியால் அளந்தார். "ஆபீஸ் நாற்காலி இதைவிட உயரமாக இருக்கும் சார்" என்றார்.

மறுநாள் அளந்து பார்த்தேன். இரண்டு அங்குலம் கூடுதல்! பாதம் தரையில் படியாவிடில் இருக்கையின் விளிம்பு தொடையை அழுத்தும், குருதியோட்டம் குன்றும். அரசாங்கச் சொத்தின் காலை அறுத்தல் ஆகாது. ஆகவே மிதிபலகை ஒன்று செய்து கொடுத்தார். என் வலி நீங்கிற்று. வினா ஒன்று எஞ்சிற்று. அந்நாற்காலி யாருடைய அளவுக்குச் செய்யப்பட்டது?

இந்திய அரசின் அழைப்பின்பேரில் நம் நாட்டைச் சுற்றிப்பார்த்த அமெரிக்க வடிவமைப்பாளர் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958-இல் ஓர் அறிக்கை அளித்தனர். நம் வீட்டுச் செம்பையே அவர்கள் பெரிதும் வியந்தனர். எவ்வளவு நீர் கொள்ளவேண்டும், எத்தகைய கை அதனை ஏந்தும், நிறைந்தபோதும் வெறுமையாயிருக்கும்போதும் அது எவ்வாறு நிலைகொள்ளும் என்னும் வினாக்களே அவ்வடிவை உருவாக்கின என்பது அவர்கள் கருத்து. அவ்வறிக்கையின் பயனாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றிற்று. தேப்குமார் சக்கரவர்த்தி எழுதிய, இந்தியரின் உடல் அளவுகளைக் கூறும் நூலை அந்நிறுவனம் 1997-இல் வெளியிட்டது. ஆசாரியின் குச்சி செய்த வேலையை நாடு முழுமைக்கும் செய்ய முயன்ற நூல் அது.

சண்டிகார் நகரின் அரசு அலுவலகங்களுக்காக பியேர் ழான்னெரே தேக்கும் பிரம்பும் கொண்டு நாற்காலிகள் அமைத்தார். பிரம்பு காற்றை விடும். தேக்கைக் கரையான் எளிதில் அண்டாது. பிற்காலத்தில் அவற்றுள் பல பழஞ்சாமான்களாகக் கழிக்கப்பட்டு, வெளிநாட்டு ஏலங்களில் பெருவிலை பெற்றன. இன்று அவற்றின் படிகள் பல விற்பனைக்கு வருகின்றன. வடிவத்தைப் படியெடுப்பது எளிது. காரணத்தைக் கற்பதே அரிது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் நொண்டும் என்பதை என் தொழில் எனக்கு நாள்தோறும் உணர்த்துகின்றது. நாற்காலிக்கும் அதுவே விதி.

கொல்லம் மாவட்டத்துச் சந்தனத்தோப்பில் கேரள மாநில வடிவமைப்பு நிறுவனம் இருக்கின்றது. அங்கும் பிற கல்விக்கூடங்களிலும் பயிலும் இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். கழக்கூட்டத்து டெக்னோபார்க்கில் பகல் முழுதும் கணினிமுன் அமர்ந்திருக்கும் உயரம் குறைந்த பெண்ணையும், வங்கி வாயிலில் காவல் புரியும் முதியவரையும் முதலில் அளந்துகொள்ளுங்கள். வரைபடத்துடன் ஆசாரியின் பட்டறைக்குச் சென்று, அவர் கூறும் திருத்தத்தையும் கேளுங்கள். கண்காட்சியில் பரிசு பெறும் நாற்காலி நன்று. அமர்ந்தவர் தம் கால்களை மறந்து வேலை செய்யும் நாற்காலி அதனினும் நன்று.