இன்றைய வரவும் நாளைய வாழ்வும்

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



 குடும்ப வரவு செலவைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். நாங்கள் பொருளாதாரம் படித்தவர்கள் அல்லர். எங்களில் ஒருவர் 25 ஆண்டுகள் ஆலையில் மிஷின் முன் நின்றவர். மற்றவர் அந்தச் சம்பளத்தில் அடுப்பெரித்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து எழுதியதே இவ்வுரை.

பழைய ஏற்பாட்டுக் காலத்தில் யூபிலி ஆண்டு என்பது விற்ற நிலம் உரியவனிடம் திரும்பிய ஆண்டு; வறுமையால் தன்னையே விற்றுக்கொண்டவன் விடுதலை பெற்று வீடு திரும்பிய ஆண்டு. ஆகவே யூபிலி மேடையில் கடனைப் பற்றியும் காசைப் பற்றியும் பேசுவது பொருத்தமற்றதன்று என்று எண்ணுகிறோம்.

நமது திருவொற்றியூர் உழைப்பாளிகளின் ஊர். 1946இல் இங்கே ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கியதுதான் பின்னாளில் எம்.ஆர்.எப். டயர் கம்பெனியாக வளர்ந்தது. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரை இன்று மெட்ரோ ரயில் நிலையம் தாங்கி நிற்கிறது. என்பீல்டு, எண்ணூர் அசோக் லேலண்ட், துறைமுகம், காசிமேடு என்று இவற்றை நம்பி நம் தெருக்களில் அடுப்பு எரிந்தது. உழைப்பில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லோம். ஆனால் 58 வயதில் வீட்டில் உட்காரும்போது கையில் என்ன இருக்கிறது? இதுவே இன்று நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் கடைத்தெருவைப் பார்ப்போம். காசு குறைவாக உள்ளவனே அதிக விலை கொடுக்கிறான் என்பது எங்கள் அனுபவம். 10 ரூபாய்ப் பாக்கெட்டில் 50 கிராம் இருந்தால் கிலோ 200 ரூபாய் ஆகிறது. அதே பொருள் கிலோவாக வாங்கினால் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு பாக்கெட் வாங்குபவர் நாலு பாக்கெட்டுக்கு ஒரு பாக்கெட் காசை வீணாக்குகிறார். மளிகைக் கடைச் சிட்டையில் எழுதி வாங்குபவர் விலை கேட்பதே இல்லை. கேட்கும் துணிவும் அவருக்கு வராது. இந்தத் தொல்லை புதிதன்று. 1904இல் திருவல்லிக்கேணியில் சிலர் கூடி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நல்ல சாமானை நியாயமான விலையில் உறுப்பினர்களுக்குத் தருவதே அதன் வேலையாயிற்று. நாமும் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து பருப்பும் எண்ணெயும் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாமே! ரேஷன் கடைப் பொருளை வாங்கக் கூச்சப்பட வேண்டியதும் இல்லை.

அடுத்து, தண்டல். நம் பகுதியில் இதை அறியாதவர் இல்லை. 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் தருவார்கள். நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ‘பத்தாயிரத்துக்கு ஆயிரத்தைந்நூறுதானே’ என்று நினைக்கிறோம். ஆனால் வாங்கிய மறுநாள் முதலே அசலைத் திருப்பிக்கொண்டு வருகிறோம் அல்லவா? அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி நூற்றுக்கு 120 ரூபாய் அளவுக்குப் போகிறது! கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் வருவதற்குள் தண்டல்காரர் வாசலுக்கு வந்துவிடுகிறார். அவசரத்துக்கு நகையை வங்கியில் அடகு வைப்பது இதைவிடப் பன்மடங்கு மேலானது. ஒரு மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் தனியே வைத்திருப்பது அதைவிட மேலானது.

தனியே வைப்பது எப்படி என்பதற்கு நம் மீனவச் சகோதரிகளே சாட்சி. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மழைக்காலத்திலும் வருமானம் குறைவு. இதை எண்ணியே மீனவ மகளிருக்கான சேமிப்பு நிவாரணத் திட்டம் வகுக்கப்பட்டது. வரவுள்ள மாதங்களில் சிறுகச் சிறுக 1,500 ரூபாய் கட்டினால், மத்திய மாநில அரசுகள் 3,000 சேர்த்து, வரவு குறைந்த காலத்தில் 4,500 ரூபாயாகத் திருப்பித் தருகின்றன. ஆலைத் தொழிலாளிக்கு முதுமையே தடைக்காலம். அதற்கு 61 நாள் கணக்கு இல்லை. இருபது முப்பது ஆண்டுகளும் நீளலாம்.

அந்தக் காலத்துக்கென்று பிடிக்கப்படுவதே பி.எப். சம்பளத்தில் நூற்றுக்கு 12 நம்முடையது. முதலாளியும் 12 கட்டுகிறார். அவர் கட்டுவதில் 8.33 பங்கு ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. பத்தாண்டுச் சேவை இருந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. 2014இல் வகுத்த உச்சவரம்பான 15,000 ரூபாய்ச் சம்பளத்தில் 30 ஆண்டு உழைத்தவருக்கு அது ஆறரை, ஏழாயிரம் அளவில்தான் வரும். இன்று நம் இளைஞர்களில் பலர் காண்டிராக்டில் வேலை செய்கிறார்கள். காண்டிராக்டர் மாறும்போதெல்லாம் பி.எப்.பை எடுத்துச் செலவழித்துவிட்டால் பத்தாண்டு என்பது ஒருநாளும் நிறையாது. எடுக்காதீர்கள், புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிடித்த பணத்தைக் கட்டினார்களா என்று பாஸ்புத்தகத்தையும் அடிக்கடி பாருங்கள்.

பி.எப். இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. 2015இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 முதல் 40 வயது வரை வங்கியிலோ அஞ்சலகத்திலோ சேரலாம். வருமான வரி கட்டுவோருக்கு மட்டும் இப்போது இடமில்லை. 60 வயதுக்குப் பின் மாதம் 5,000 ரூபாய் பெற, 18 வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 30 வயதில் 577. 40 வயதில் 1,454. தாமதத்தின் விலை எவ்வளவு என்று பாருங்கள்! அன்றைய விலைவாசிக்கு அந்த 5,000 போதாதே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆயினும் ஒன்றுமில்லாமல் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதைவிட அது மேல்.

இப்போது எங்கள் கதைக்கு வருகிறோம். சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். 1997இல் ஆலையில் விருப்ப ஓய்வு பெற்றோம். எல்லாம் சேர்ந்து 1,80,000 ரூபாய் வந்தது. அவ்வளவு பணத்தை நாங்கள் ஒருசேரக் கண்டதே இல்லை. வங்கி தரும் வட்டி எங்களுக்கு அற்பமாகத் தெரிந்தது. ஆண்டுக்கு நூற்றுக்கு 24 தருவதாகச் சொன்ன ஒரு நிதி நிறுவனத்தில் 1,50,000 ரூபாயைப் போட்டோம். மாதம் தவறாமல் 3,000 ரூபாய் வந்தது. அதுவே எங்கள் கண்ணைக் கட்டிவிட்டது. ஏழு மாதம் வாங்கினோம். எட்டாம் மாதம் போனபோது கதவில் பூட்டுத் தொங்கியது. நாங்கள் பணம் போட்ட அதே 1997இல்தான் இத்தகைய நிறுவனங்களில் பணம் போட்டவர்களைக் காக்கத் தமிழக அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

பணம் போனதைவிடப் பெரிய துயரம் ஒன்று உண்டு. எங்கள் பேச்சை நம்பி, கணவரை இழந்த ஒரு சகோதரியும் அங்கே 20,000 ரூபாய் போட்டிருந்தார். அவர் எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மாதம் 200 வீதம் 100 மாதங்களில் அத்தொகையை அவருக்குக் கொடுத்து முடித்தோம். அதற்காக ஒருவர் கிடங்கில் இரவுக் காவல் பார்த்தார். மற்றவர் வாசலில் இட்லிக் கடை போட்டார். எங்கள் ஓய்வூதியமோ, 2014இல் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று அரசு நிர்ணயித்த பிறகே நான்கு இலக்கத்தைக் கண்டது.

படித்தவர்களும் இப்படி ஏமாந்திருக்கிறார்கள். 1906 அக்டோபரில் சென்னையின் பெயர்பெற்ற அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு அதோடு போயிற்று. அந்த அடியிலிருந்துதான் மறு ஆண்டு, 1907இல், இந்தியன் வங்கி பிறந்தது. நூறு ஆண்டுக்கு மேலாகியும் ஆசையின் முகம் மாறவில்லை. எந்த ஏலச் சீட்டில் சேர்ந்தாலும் அது 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா என்று கேளுங்கள். கேட்டவுடன் கோபிப்பவரிடம் சேராதீர்கள்.

ஓய்வு பெறுவோருக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். அன்று கைக்கு வரும் மொத்தப் பணம் உங்கள் எழுபதாம் வயதின் சம்பளம். எண்பதாம் வயதின் மருந்துச் செலவு. முதல் ஆறு மாதம் அதை வங்கியில் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு 2020 முதல் உண்டு. பிறகு அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் போன்றவற்றை விசாரியுங்கள். மகள் திருமணத்துக்கு எவ்வளவு என்பதைப் பணம் வருமுன்னரே கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்யுங்கள்; ஊராரின் வாய்க்கு அஞ்சி முழுவதையும் பந்தலில் கொட்டிவிடாதீர்கள். எந்தக் கணக்கானாலும் நாமினி பெயரை எழுதுங்கள். அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்பது வீட்டுக்காரம்மாவுக்கும் தெரிந்திருக்கட்டும்.

கூட்டம் முடிந்ததும் நாங்கள் இருவரும் பின்வரிசையில் இருப்போம். பாஸ்புத்தகம், பி.எப். தாள் எது கொண்டுவந்திருந்தாலும் தயங்காமல் காட்டுங்கள். தெரிந்ததைச் சொல்கிறோம், தெரியாததை உங்களோடு வங்கிக்கு வந்து கேட்கிறோம். வட்டி அதிகம் தருவதாக யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் எங்களிடம் வாருங்கள்.